காதல் நகரம் என்னும் கற்பிதம்

இருவர் சேர்ந்து முதன்முறையாக ஐரோப்பாவுக்கு விடுமுறையில் செல்வதென்று தீர்மானித்தால், எந்த நகரம் என்ற கேள்வி எழுமுன்பே பதில் வந்து நின்றுவிடுகிறது. பாரிஸ், இல்லையென்றால் வெனிஸ். சற்றுப் படித்தவர்கள் என்றால் ப்ராக். இந்தப் பதிலை யாரும் யோசித்துச் சொல்வதில்லை. சாக்லேட் பெட்டிகளும் சுற்றுலாச் சுவரொட்டிகளும் திரைப்படங்களும் நமக்காக எப்போதோ யோசித்து முடித்துவிட்டன. 1998இல் வெளிவந்த 'ஜீன்ஸ்' படத்தின் ஒரே பாடலுக்குள் ஈபிள் கோபுரமும் கொலோசியமும் பைசாவின் சாய்ந்த கோபுரமும் வந்துபோயின. பாடலாக அதில் எனக்குப் புகார் ஏதுமில்லை. அதைப் பயணத்திட்டமாக எடுத்துக்கொள்வதில்தான் இருக்கிறது.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பயணத்தில் ஒரு ஜோடி தவிர்க்கவேண்டிய நகரங்கள் ஐரோப்பாவில் உண்டென்றால், அவை காதலுக்குப் பேர்போன நகரங்களே. வெனிஸுக்குச் செல்ல நினைப்பவர்கள் அங்கே இறங்காமல், ரயிலில் ஏறக்குறைய 2 மணி நேரம் கிழக்கே சென்று, அட்ரியாட்டிக் கடலின் மூலையில் இருக்கும் ட்ரியெஸ்தேயில் இறங்கட்டும். பார்த்தே தீரவேண்டியது என்று அங்கே பெரிதாக எதுவும் இல்லை. அதுவே அதன் முதல் தகுதி.

காதல் நகரங்கள் நமக்கு விற்கும் சரக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். வெனிஸின் பெருமூச்சுப் பாலத்தின் கீழே, சூரியன் மறையும் நேரத்தில், கோண்டோலாவில் முத்தமிட்டுக்கொண்டால் காதல் நிலைக்கும் என்றொரு ஐதீகம் உலவுகிறது. 1979இல் வந்த 'எ லிட்டில் ரொமான்ஸ்' திரைப்படத்தின் கதையே இதன்மேல்தான் நிற்கிறது. அந்தப் பாலம் விசாரணை அறைகளிலிருந்து கைதிகளைச் சிறைக்கு அழைத்துச் செல்வதற்காகக் கட்டப்பட்டது. கைதிகளின் பெருமூச்சைத்தான் அதன் பெயர் குறிக்கிறது. வெரோனாவில் ஜூலியட்டின் மாடம் என்று காட்டப்படுவது 20ஆம் நூற்றாண்டில் பழைய கற்களைக்கொண்டு ஒட்டவைக்கப்பட்டது. முற்றத்தில் நிற்கும் ஜூலியட் சிலையின் மார்பைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று சொல்லப்பட, தொட்டுத் தொட்டே அது சேதமாகி, 2014இல் சிலையை அகற்றிப் பிரதி ஒன்றை வைக்க நேர்ந்தது. பாலங்களில் பூட்டு மாட்டிச் சாவியை ஆற்றில் எறியும் வழக்கம் ரோமின் மில்வியோ பாலத்தில் பெருகியது 2006இல் வெளியான ஒரு வெகுஜன நாவலுக்குப் பிறகு. பாரிஸின் போன் தெஸார் பாலத்தில் பூட்டுகளின் பாரம் தாங்காமல் 2014 ஜூனில் கம்பித் தடுப்பின் ஒரு பகுதி சரிந்தது. அடுத்த ஆண்டு அங்கிருந்து அகற்றப்பட்ட பூட்டுகளின் எடை ஏறக்குறைய 45 டன். நித்தியத்தின் சின்னங்களை மாநகராட்சி லாரியில் ஏற்றிக்கொண்டு போனது.

வெனிஸை வெறுத்து இதை எழுதவில்லை. அது அழகான நகரம்தான். அழகாக இருப்பதைத் தவிர வேறு பிழைப்பு அதற்கு மிச்சமில்லாமல் போனதுதான் துயரம். 1950களின் தொடக்கத்தில் அதன் பழைய தீவுப் பகுதியில் 1,70,000க்கும் மேற்பட்டோர் வசித்தார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்குக் கீழே இறங்கியது. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில், பகலில் மட்டும் வந்துபோகும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள். ஒரு நகரத்துக்கு நுழைவுச்சீட்டு. 2023 நவம்பரில் கோண்டோலாவின் அதிகாரப்பூர்வக் கட்டணம் பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோவாக உயர்ந்தது. முன்னும் பின்னும் இதே கட்டணம் செலுத்திய ஜோடிகளின் படகுகள் வரிசையாக நகர, நடுவே அமர்ந்து, தனிமையை உணர முயல்வதற்கான விலை அது.

இருவரின் முதல் பயணம் எதற்காக? ஊர் பார்ப்பதற்கு என்று சொல்வது எளிது. உண்மையில் அது இன்னொருவரைப் பார்ப்பதற்கு. பசித்தால் அவருக்குக் கோபம் வருமா, வழி தவறினால் சிரிப்பாரா அல்லது யார்மேல் பிழை என்று தேடுவாரா, பணம் எதிர்பாராமல் செலவானால் முகம் எப்படி மாறும், ஒரு மாலை முழுக்கச் செய்வதற்கு ஒன்றுமில்லாதபோது அந்த மௌனத்தை அவரால் தாங்க முடியுமா. சேர்ந்து வாழ்வதற்கு வேண்டிய தகவல்கள் இவைதான். புகழ்பெற்ற நகரம் இவற்றில் ஒன்றையும் வெளியே வரவிடாது. காலை 9 மணிக்கு அருங்காட்சியகம், 12 மணிக்குக் கோபுரம், 4 மணிக்குப் படகு என்று அது மூன்றாம் ஆளாக உடன் வந்து, இருவருக்கும் கட்டளையிட்டுக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஊர் திரும்பிவிடலாம். மேலும், மகிழ்ச்சியாக இருந்தே ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தைப்போல மகிழ்ச்சியைக் கொல்வது வேறொன்றில்லை. காதல் நகரத்தில் சிறு பிணக்குக்கூடக் குற்றமாகத் தோன்றும். இத்தனை பணம் செலவழித்து, இந்த இடத்தில் வந்துமா என்று இருவருமே மனதுக்குள் கேட்டுக்கொள்வார்கள்.

ட்ரியெஸ்தே அப்படிப்பட்ட கட்டளை எதையும் இடுவதில்லை. 1382 முதல் 1918 வரை ஹாப்ஸ்பர்க் அரசின் கீழிருந்து, அதன் கடல்வாசலாகச் செழித்து, முதல் உலகப்போருக்குப் பின் இத்தாலிக்கு வந்து, 1947 முதல் 1954 வரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத சுதந்திரப் பிரதேசமாக இருந்து, மறுபடி இத்தாலிக்குத் திரும்பிய ஊர் அது. பெரிய துறைமுகம் ஒன்றின் கம்பீரக் கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றைக் கட்டிய பேரரசு இல்லை. நகரின் பெரும் சதுக்கம் ஒரு பக்கம் முழுக்கக் கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. அருகில் மோலோ அவுதாச்சே என்னும் கல்துறை 200 மீட்டருக்கு மேல் கடலுக்குள் நீள்கிறது. அதன் முனைவரை நடப்பது, நிற்பது, திரும்பி வருவது. மாலையில் ஊரார் செய்வது இதைத்தான். போரா என்னும் வடகிழக்குக் காற்று வீசும் நாட்களில் அதுவும் முடியாது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் அந்தக் காற்றில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வதற்கு எந்த ஐதீகமும் தேவைப்படாது.

காபிக்குக்கூட அங்கே தனிச் சொற்கள் உண்டு. 'நேரோ' என்றால் வெறும் எஸ்பிரஸ்ஸோ. 'காப்போ இன் பி' என்றால் பால் சேர்த்த சிறிய காபி, கண்ணாடிக் குவளையில். 1914இல் தொடங்கிய சான் மார்க்கோ காபிக்கடையில் ஒரு குவளையோடு நெடுநேரம் அமர்ந்திருக்கலாம். கடற்கரையில் ஊரார் 'எல் பெதொச்சின்' என்றழைக்கும் குளியல்துறை ஒன்று இருக்கிறது. ஆஸ்திரியர் காலத்து வழக்கப்படி, ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் மறுபக்கம். நடுவே கடலுக்குள் நீளும் வெள்ளைச் சுவர். அதை இடிக்க ஊராருக்கு மனமில்லை. காதலர்களுக்கு இதைவிடச் சிறந்த இடத்தை என்னால் சிபாரிசு செய்ய முடியாது. ஒரு மணி நேரம் பிரிந்திருந்து வெளியே வரும்போது இருவரிடமும் சொல்வதற்கு வெவ்வேறு கதைகள் இருக்கும்.

நகரின் மேட்டில் சான் ஜொவான்னி பூங்கா. முன்பு அது மனநல மருத்துவமனை வளாகம். 1971இல் பொறுப்பேற்ற ஃபிராங்கோ பஸாலியா அதன் கதவுகளைத் திறந்துவிட்டார். 1973இல் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து செய்த பெரிய நீலக் குதிரை வாசலுக்குள் அடங்காதபோது, வாசலை உடைத்துக் குதிரையை ஊருக்குள் இழுத்துச் சென்றார்கள். இத்தாலியின் மனநல விடுதிகளைப் படிப்படியாக மூட வழிசெய்த 1978ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் பஸாலியாவின் பெயரால் வழங்குகிறது. இன்று அங்கே ரோஜாக்கள் பூக்கின்றன. ஒரு மனிதர் இன்னொருவரை அடைத்து வைக்காமல் கவனித்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வியை ஒரு நகரமே கேட்டுப் பார்த்த இடம் அது. சேர்ந்து வாழப்போகிறவர்கள் அமர்ந்து பேச அதைவிடப் பொருத்தமான நிழல் எங்கே கிடைக்கும்?

இனி மறுப்புகள். 'ஊர் ஊராகப் போகும் வசதி எங்களுக்கு இல்லை. வாழ்நாளில் ஒருமுறைதான் இந்தப் பயணம். அதில் பாரிஸைப் பார்க்காமல் பேர் தெரியாத ஊருக்குப் போகச் சொல்வது வயிறு நிறைந்தவனின் உபதேசம்' என்று சொல்லலாம். மிகவும் நியாயமான மறுப்பு இதுதான். விசாவுக்கும் விமானத்துக்கும் ஆண்டுக்கணக்கில் சேமித்தவர்களின் ஆசையை எள்ளி நகையாடும் உரிமை எனக்கில்லை. ஆனால் வாழ்நாளில் ஒருமுறை என்றால், வரிசையில் நிற்பதற்கும், பிறர் எடுத்த அதே புகைப்படத்தைத் தாமும் எடுப்பதற்குமா அதைச் செலவிடுவது? பாரிஸும் வெனிஸும் எங்கும் போய்விடாது. அவற்றைப் பத்தாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். தங்கள் காதலை ஒரு ஊர் வந்து சான்றளிக்கவேண்டிய தேவை இல்லாதபோது அவை மெய்யாகவே அழகாக இருக்கும். அந்தப் பத்தாம் ஆண்டுப் பயணம் வாய்க்காமலே போனால்கூட, இருவரும் இழந்தது ஒரு கோபுரத்தை மட்டும்.

இரண்டாவது மறுப்பு, இது கூட்டத்திலிருந்து விலகிநிற்பவனின் பகட்டு என்பது. ட்ரியெஸ்தேக்கும் எல்லோரும் போனால் அதுவும் இன்னொரு வெனிஸ் ஆகாதா? ஆகலாம். நான் பரிந்துரைப்பது ஓர் அளவுகோலைத்தான். உங்களை எதிர்பார்க்காத, உங்களுக்காக வேஷம் கட்டாத, தன் பாட்டுக்குச் சந்தைக்கும் வேலைக்கும் போய்வரும் நகரம் எதுவானாலும் சரி. கிராஸ், பொர்தோ, கென்ட் என்று அவரவர் தேடிக்கொள்ளலாம்.

இலக்கிய வாசகர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ட்ரியெஸ்தே என்றதும் நம்மவர்களுக்கு ஜாய்ஸின் சிலையும், உம்பெர்த்தோ சபாவின் பழைய புத்தகக் கடையும், ரில்கே தங்கியிருந்த துயினோ கோட்டையும் நினைவுக்கு வரும். அப்படி ஒரு பட்டியலோடு போனால் பூட்டு மாட்டுகிறவர்களுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை. ஜாய்ஸிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. 1904 அக்டோபரில் 22 வயது ஜாய்ஸும் 20 வயது நோரா பார்னக்கிளும், திருமணம் செய்துகொள்ளாமல், டப்ளினைவிட்டுக் கிளம்பினார்கள். லண்டன் வழியாகவும் பாரிஸ் வழியாகவும்தான் வந்தார்கள். சூரிச்சில் கிடைக்கும் என்று நம்பியிருந்த ஆசிரியர் வேலை அங்கே இல்லை. ட்ரியெஸ்தேயில் இறங்கிய அன்றே, நோராவை ரயில் நிலையத்துக்கு அருகே பூங்காவில் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போன ஜாய்ஸ், குடித்திருந்த மாலுமிகளின் தகராறில் சிக்கிக் காவலில் வைக்கப்பட்டார். மொழி தெரியாத ஊரில், பெட்டிகளோடு, மணிக்கணக்காக நோரா அங்கே அமர்ந்திருந்தார். இதைவிட மோசமான முதல் பயணத்தைக் கற்பனை செய்வது கடினம். இருவரும் அந்நகரத்தில்தான், சில இடைவெளிகளோடு, 1915 வரை வாழ்ந்தார்கள். அங்கேதான் இரண்டு குழந்தைகளும் பிறந்தன. திருமணப் பதிவு 1931இல்தான் நடந்தது.

அவர்களுக்கு எந்த ஊரும் எதையும் வாக்களிக்கவில்லை. வறுமையும் குடியும் சண்டையும் இருந்தன. நோரா பட்டதெல்லாம் பெருமைக்குரியவை என்றும் சொல்லமாட்டேன். ஆனால் எதிரே இருப்பவர் யார் என்பது நோராவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்துதான் தங்கினார். முதல் பயணம் ஓர் ஜோடிக்குக் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் அந்தத் தெளிவைத்தான். கோண்டோலாவின் மெத்தையில் சாய்ந்தபடி அதை அடைவது கஷ்டம்.