கவனச்சிதறலுக்கான மாத்திரை: நண்பர் கொடுத்தால் வாங்கிப் போடலாமா?

“ஒண்ணு போட்டுக்கோ மச்சான், விடியிற வரைக்கும் தூக்கமே வராது. வேலை மடமடன்னு முடிஞ்சிடும்.” டெட்லைன் நேரத்தில் அலுவலகத்திலும், தேர்வுக்கு முந்தைய இரவில் விடுதி அறையிலும் இப்படிக் கைமாறும் மாத்திரைகள் உண்டு. கொடுப்பவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துதான். வாங்கிப் போடுபவருக்கு? அங்கேதான் சிக்கல்.

என்ன மாத்திரை இது?

ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு, அதீத துறுதுறுப்புப் பிரச்சினைக்குத் தரப்படும் ‘ஸ்டிமுலன்ட்’ வகை மருந்து. இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் கிடைக்கிறது. அமெரிக்காவில் இதனுடன் அடெரால் என்ற ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரையும் பரவலாக எழுதப்படுகிறது. மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருட்களின் செயல்பாட்டை இவை கூட்டுகின்றன. ஏடிஹெச்டி உள்ளவருக்கு ஒரு வேலையில் நிலைத்து நிற்க இது உதவுகிறது. அதேநேரம் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடலாம், பசி குறையலாம், தூக்கம் கெடலாம்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

2023 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, எல்லா ஸ்டிமுலன்ட் மருந்துகளின் எச்சரிக்கைக் குறிப்பையும் கடுமையாக்கியது. தவறான பயன்பாடு, அடிமையாதல், அளவு மீறுதல் ஆகியவை உயிரிழப்பு வரை கொண்டுபோகலாம் என்பதோடு, மாத்திரையை யாருடனும் பகிரக்கூடாது என்பதும் அதில் அழுத்தமாகச் சேர்க்கப்பட்டது. காரணம், தவறாகப் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோருக்கு அது குடும்பத்தினரிடமிருந்தோ நண்பர்களிடமிருந்தோதான் கிடைக்கிறது.

அடுத்த ஆண்டு இன்னொரு விவகாரம் வெடித்தது. ‘டன்’ என்ற ஆன்லைன் மருத்துவ நிறுவனம் 4 கோடிக்கும் அதிகமான மாத்திரைகள் விநியோகமாக வழிசெய்ததாக 2024 ஜூனில் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடர்ந்தது. முதல் ஆலோசனை 30 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், தகுதி இல்லாதவருக்கும் மருந்து எழுத வேண்டும், அதன்பின் மருந்து தானாகவே ‘ரீஃபில்’ ஆகும் என்பதுதான் அந்த நிறுவனத்தின் நடைமுறை என்றது குற்றச்சாட்டு. 2025 நவம்பரில் நிறுவனரும் மருத்துவப் பிரிவுத் தலைவரும் குற்றவாளிகள் என ஜூரி தீர்ப்பளித்தது. அங்கே பிரிஸ்கிரிப்ஷன் இருந்தது. அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய பரிசோதனைதான் இல்லை.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே மெத்தில்ஃபெனிடேட் ‘ஷெட்யூல் எக்ஸ்’ பட்டியலில் வருகிறது. மருத்துவர் சீட்டை இரண்டு பிரதிகளாக எழுத வேண்டும். ஒரு பிரதியை மருந்துக்கடை 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் மனமயக்கப் பொருட்கள் பட்டியலிலும் இது உள்ளது. அதனால் “ஃப்ரெண்டுக்கு ரெண்டு மாத்திரை கொடுத்தேன், அவ்வளவுதானே” என்பது சட்டத்தின் முன் சின்ன விஷயம் இல்லை.

ஏடிஹெச்டி இல்லாதவர் போட்டால் மூளை வேகமாகுமா?

ஆகும் என்பதுதான் பலரின் நம்பிக்கை. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஏடிஹெச்டி இல்லாத 40 பேருக்கு இவ்வகை மருந்துகளைக் கொடுத்து, சிக்கலான கணக்குப் புதிர்களைத் தீர்க்கச் சொன்னார்கள். மருந்து சாப்பிட்டபோது அதிக நேரம் உழைத்தார்கள், அதிக முயற்சிகள் செய்தார்கள். ஆனால் அந்த முயற்சிகளின் தரம் குறைந்தது. நிறைய வேலை பார்ப்பது போன்ற உணர்வு கிடைக்கிறது; வேலை நன்றாக வருவதில்லை.

அப்படியானால் மருந்தே ஆபத்தா?

இல்லை. தேவைப்படுபவருக்கு இது நல்ல சிகிச்சை. ஸ்வீடனில் ஏடிஹெச்டி கண்டறியப்பட்ட சுமார் 1.48 லட்சம் பேரின் தரவுகளை வைத்து 2024-ல் வெளியான ஆய்வில், மருந்து தொடங்கியவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் “மாத்திரை போட்டா அடிமையாயிடுவ” என்று பயமுறுத்தி, உண்மையிலேயே தேவைப்படுபவரைத் தடுப்பதும் தவறு என்பதை இது உணர்த்துகிறது.

பாதுகாப்பாக எடுத்துக்கொள்வது எப்படி?

தொடங்கும் முன்: இதய நோய், குடும்பத்தில் இளவயது திடீர் மரணம், ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், மனநலப் பிரச்சினை இருந்தால் மருத்துவரிடம் மறைக்கக்கூடாது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். சில மனச்சோர்வு மருந்துகளுடன் இதைச் சேர்க்கவே கூடாது.

அளவு: குறைவாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவதுதான் வழக்கம். காலையில் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. மாலையில் போட்டால் இரவுத் தூக்கம் போய்விடும். மெதுவாகக் கரையும் வகையைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து மொத்தமாக உடலில் இறங்கிவிடும்.

கண்காணிப்பு: ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு உயரத்தையும் அளக்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாத குரல் கேட்பது போன்றவை வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில்: பூட்டி வையுங்கள், அவ்வப்போது எண்ணிப் பாருங்கள். காபி, எனர்ஜி டிரிங்க் அளவைக் குறையுங்கள். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

கவனம் நிற்கவில்லை என்றால் எல்லாமே ஏடிஹெச்டி இல்லை. தூக்கமின்மை, பதற்றம், தைராய்டு பிரச்சினையும் இப்படிக் காட்டலாம். ஏடிஹெச்டி என்றால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் மனநல மருத்துவர் பள்ளிக்காலம் வரை விசாரிக்கிறார். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.