செவிலியரின் கனிவுக்கு நாம் தரும் விலை

ஒரத்தநாடு, பேராவூரணிப் பக்கமிருந்து தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளியோடு வருகிற குடும்பங்கள், அறுவடையையும் கடனையும் மனத்தில் சுமந்தே வருகின்றன. 'இனி வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்' என்று சொல்லப்படும் நாளில் அவர்கள் ஏக்கத்தோடு பார்ப்பது செவிலியரைத்தான். படுக்கைப்புண்ணைத் துடைப்பது எப்படி, மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுப்பது எப்படி என்று அவர் பொறுமையாகச் சொல்லித்தரும் பத்து நிமிடமும் மருந்துதான்.

செவிலியராகப் பணி தொடங்கிப் பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் இலண்டனில் திறந்த இல்லம், இறுதிநிலை நோயாளியோடு அவர் குடும்பத்தையும் சேர்த்துப் பேண வேண்டும் என்று உலகுக்குக் காட்டியது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்தப் பராமரிப்பை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது.

ஆனால், 2015-இல் ஒப்பந்த முறையில் அரசுப் பணிக்கு எடுக்கப்பட்ட செவிலியர், மாதம் 7,700 ரூபாய்க்கு உழைத்தனர். பணி நிரந்தரம் கேட்டு 2017-இல் சென்னையில் போராட வேண்டியதாயிற்று. பிழைப்புக்கே கலங்குபவரிடம் கனிவை மட்டும் நாம் எதிர்பார்ப்பது நியாயமா?

கனிவு குணம் மட்டுமல்ல. அதற்கு நேரம் வேண்டும். நேரத்துக்குப் போதிய ஆட்களும், ஆட்களுக்கு உரிய ஊதியமும் வேண்டும். இவற்றைக் கேட்பது நம் கடமை. இரவுப்பணி முடித்துச் செல்லும் செவிலியருக்கு இன்றே ஒரு நன்றியும் சொல்வோமே!