லண்டன் போகிற வழியில் ஓர் எரிமலைத் தீவு



கோடை வந்துவிட்டால் மார்க்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுத்தான். லண்டனில் சின்னம்மாவின் மகளுக்குக் கலியாணம், ஒஸ்லோவில் அண்ணர் வீடு குடிபூரல், பாரிசில் மாமாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். ரிக்கற் விலை விசாரிக்கும்போது ஐஸ்லாந்து வழியாகப் போகிற விமானமும் பட்டியலில் வந்து நிற்கும். அந்த நாட்டு விமான நிறுவனமான ஐஸ்லாந்தெயார், வழியில் ஏழு நாள் வரை அங்கே தங்கிப் போக, விமானக் கட்டணம் கூட்டாமலே அனுமதிக்கிறது. தங்குமிடமும் சாப்பாடும் நம் செலவு. “ஒரு மூன்று நாள் இறங்கிப் பார்த்தால் என்ன? பார்த்தால் எந்த இடத்தைப் பார்ப்பது?” என்று ஒரு குடும்பத்தினர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடன் ஒரு அப்பம்மாவும் இரண்டு சிறு பிள்ளைகளும் போகிறார்களாம்.

இடத்தைப் பற்றிப் பேசுமுன் கடதாசிகளைப் பற்றிப் பேசவேண்டும். புதிதாக வந்த குடும்பங்களுக்கு இதுதான் முக்கியம்.

கனடியக் கடவுச்சீட்டு இருப்பவர்களுக்குக் கவலையில்லை. ஐஸ்லாந்து ஷெங்கன் நாடுகளில் ஒன்று. 180 நாட்களுக்குள் 90 நாள் வரை விசா இல்லாமல் நிற்கலாம். 2025 ஒக்டோபர் முதல் படிப்படியாக வந்த புதிய ஒழுங்கின்படி எல்லையில் விரல் அடையாளமும் படமும் எடுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர் கனடியர் போலப் போய் இறங்க முடியாது. அந்த அட்டை கனடாவுக்குத் திரும்பி வருவதற்குத்தான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பிரித்தானிய விசாவை வைத்துக்கொண்டு ஐஸ்லாந்தில் வெளியே வரலாம் என்று நினைக்கவேண்டாம். பிரித்தானியா ஷெங்கனில் இல்லை. பாரிசில் பத்து நாளும் ஐஸ்லாந்தில் மூன்று நாளும் நிற்பதென்றால் விண்ணப்பத்தைக் கூடிய நாள் நிற்கிற பிரான்சுக்குக் கொடுக்கவேண்டும்.

அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். கனடிய அரசு உங்களுக்கென்று கொடுக்கும் அகதிப் பயண ஆவணத்தில் பயணம் செய்யுங்கள். “அது வர மாதக்கணக்காகும், இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் கெதியாக முடியும்” என்று யாராவது புத்தி சொல்வார்கள். கேட்கவேண்டாம். எந்த அரசிடமிருந்து பாதுகாப்புக் கேட்டோமோ அதே அரசின் கடவுச்சீட்டில் பயணம் செய்தால், இவருக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை என்று கனடிய அரசு வழக்குக் கொண்டுவர இடமுண்டு. 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அந்த வழக்கில் தோற்றால் நிரந்தர வதிவிட உரிமையும் சேர்ந்து போய்விடலாம். குடியுரிமை கிடைக்கும் வரை இந்த ஆபத்து இருக்கிறது. மூன்று நாள் அருவி பார்க்கப் போய் இருந்த இடத்தையும் இழக்கக் கூடாது. பயண ஆவணத்தில் போகிறவர்களுக்கும் விசா வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ரிக்கற்றுக்குக் காசு கட்டுமுன் கேட்டறியுங்கள். விசாரணை இன்னும் முடியாதவர்கள் கனடாவை விட்டு வெளியேறும் எண்ணத்தையே இப்போது தள்ளிவைக்கவும். அவர்களுக்கு வேறொரு பயணம் கடைசியில் சொல்கிறேன்.

சரி, கடதாசி கையில் இருக்கிறது. இனி இடம்.

ஐஸ்லாந்து இலங்கையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரியது. சனம் நான்கு இலட்சத்துக்கும் குறைவு. மார்க்கம் நகரத்துச் சனத்தொகையை விடக் கொஞ்சம்தான் கூட. தீவைச் சுற்றி ஓடும் முதலாம் இலக்க வீதி 1,300 கிலோ மீற்றருக்கு மேல். வீடியோவில் பார்த்துவிட்டு எங்கள் இளைஞர்கள் “சுத்தி வருவம்” என்பார்கள். மூன்று நாளில் சுற்றினால் பிள்ளைகள் கார்க் கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். அப்பம்மாவுக்கு முழங்கால் விறைத்துப்போகும். சுற்றுவதானால் ஒரு கிழமையாவது வேண்டும். மூன்று நாளென்றால் தென்மேற்கு மூலையை விட்டு நகரக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

தலைநகர் ரெய்க்யவிக், கெப்லவிக் விமான நிலையத்திலிருந்து 50 கிலோ மீற்றர். அங்கேயே மூன்று இரவும் தங்குங்கள்; ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டி அவிழ்க்கும் வேலை மிச்சம். ஒரு நாளில் திங்வெட்லிர், கெய்சிர், குல்பொஸ் மூன்றையும் பார்த்து வரலாம். சுற்று 230 கிலோ மீற்றர் அளவு. திங்வெட்லிரில்தான் கி.பி. 930இல் அவர்களுடைய முதல் மக்கள் சபை வெட்டவெளியில் கூடியது. அதே இடத்தில் அமெரிக்கத் தட்டும் ஐரோப்பியத் தட்டும் ஆண்டுக்கு இரண்டு சென்ரி மீற்றர் அளவில் விலகிக்கொண்டிருக்கின்றன. நிலம் பிளந்து கிடப்பதைக் கண்ணால் காணலாம். கெய்சிரில் ஸ்ட்ரொக்குர் என்ற வெந்நீர் ஊற்று ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பனை உயரத்துக்கு எழும்பும். பிள்ளைகள் அதை விட்டு வரமாட்டார்கள். அது கொதிநீர், கயிற்றுக்கு உட்பக்கம் விடவேண்டாம்.

புளூ லகூன் என்ற நீல வெந்நீர்க் குளத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். விலை அதிகம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விடமாட்டார்கள். அது இருக்கும் பக்கத்தில் 2023 டிசம்பருக்கும் 2025 ஆகஸ்டுக்கும் இடையில் ஒன்பது தடவை நிலம் வெடித்து எரிமலைக் குழம்பு வந்தது. குளத்தையும் பலமுறை மூடித் திறந்தார்கள். அதற்குக் கொடுக்கும் காசில் ஊர் நீச்சல் குளத்துக்குக் குடும்பமே பலமுறை போய்வரலாம். அங்கே சிற்றூர்களிலும் வெந்நீர்க் குளம் இருக்கிறது. ஒரு விசயம் முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும்: குளத்தில் இறங்குமுன் உடுப்பில்லாமல் சவர்க்காரம் போட்டுக் குளிக்கவேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு அறைதான்; ஆனால் அறைக்குள் மறைப்பு இருக்காது. எங்கள் அம்மாமார் அந்த வாசலோடு திரும்பிவிடுவார்கள். மறைப்புள்ள தனிக் குளிப்பிடம் சில குளங்களில் உண்டு; தங்குமிடத்தில் விசாரியுங்கள்.

மற்ற நாளுக்கு என்ன? பெரும்பாலானவர்கள் தெற்குக் கரையோரம் ரெய்னிஸ்பியாரா என்ற கருமணல் கடற்கரைக்குப் போகிறார்கள். அழகான இடம்தான். ஆனால் அமைதியாக இருந்த கடல் திடீரென்று ஓர் அலையை நெடுந்தூரம் ஏற்றி ஆளை இழுத்துப்போகும், பலர் உயிரிழந்திருக்கிறார்கள். கீரிமலையிலும் காங்கேசன்துறையிலும் கடலோடு விளையாடியவர்கள் நாங்கள் என்ற துணிவு அங்கே செல்லாது. ஓடுகிற வயதுப் பிள்ளையுடன் போகிறவர்கள் அதை விட்டுவிடலாம்.

நான் தெரிவு செய்வது ஹெய்மே. தெற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் வெஸ்ட்மன் தீவுகளில் இதில் மட்டும்தான் ஊர் இருக்கிறது. ரெய்க்யவிக்கிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் லாண்டெயாஹொப்ன் துறைக்குப் போய், அங்கிருந்து நாற்பது நிமிடக் கப்பல். குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவுக்குப் போனவர்களுக்கு இது பெரிய சொகுசு. கடல் குழம்பினால் கப்பல் வேறு துறைக்கு மாறி மூன்று மணித்தியாலம் வரை எடுக்கும். அப்படியான நாளில் போகவேண்டாம். துறைக்குத் திரும்பும் சந்திக்குக் கிட்டவே செல்யாலண்ட்ஸ்பொஸ் என்ற 60 மீற்றர் நீர்வீழ்ச்சி. அதன் பின்பக்கத்தால் நடந்து போகலாம். ஆகவே நீர்வீழ்ச்சி பார்க்கவில்லை என்ற குறையும் வராது.

ஹெய்மேயை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே நடந்ததை விளங்கிக்கொள்ள எங்களுக்கு வழிகாட்டி தேவையில்லை.

1973 ஜனவரி 23ஆம் திகதி. அதிகாலை இரண்டு மணியாகவில்லை. ஊரின் கிழக்கு விளிம்பில், கடைசி வீடுகளுக்குச் சற்றுத் தள்ளி, ஒன்றரைக் கிலோ மீற்றர் நீளத்துக்கு நிலம் கிழிந்து நெருப்பு எழும்பியது. அன்றைக்கு ஊரில் 5,300 பேர் அளவில் இருந்தார்கள். முதல் நாள் புயலடித்ததால் மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகாமல் துறையிலேயே நின்றன. அதுதான் ஊரைக் காப்பாற்றியது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு துறைக்கு நடந்தார்கள். விடியுமுன் பெரும்பாலும் எல்லோரும் கடலைத் தாண்டிவிட்டார்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் இதை வாசித்தால் தங்கள் இரவை நினைப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. அவர்களைத் துரத்தியது மலை. எங்களைத் துரத்தியது போர். அங்கே அரசாங்கம் சனத்தின் பக்கம் நின்றது. அவர்கள் போய் இறங்கிய கரையில் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது, கதவைப் பூட்டுவதா என்ற கேள்விகள் ஒன்றுதான்.

பிறகு நடந்ததும் சொல்லவேண்டியது. எரிமலை ஜூலை தொடக்கம் வரை எரிந்தது. ஏறத்தாழ 400 வீடுகள் குழம்புக்கும் சாம்பலுக்கும் கீழே போயின. குழம்பு துறைமுக வாசலை அடைக்க வந்தது. துறை போனால் மீன்பிடி போகும். மீன்பிடி போனால் ஊரே இல்லை. கடல்நீரைப் பம்ப் போட்டு இறைத்து, மாதக்கணக்காகக் குழம்பின் முகப்பை நனைத்துக் குளிரவைத்தார்கள். குழம்பு நின்றது. வாசல் ஒடுங்கினாலும் புதிய பாறை காற்றை மறைத்ததால் துறை முன்னையதை விடப் பாதுகாப்பானதாகிவிட்டது. ஆறாத குழம்பின் சூட்டை எடுத்துப் பல ஆண்டுகள் வீடுகளைச் சூடாக்கினார்கள். எங்கள் வீட்டு எரிவாயு பில்லைப் பார்க்கும்போது பொறாமையாக இருக்கிறது. பெரும்பகுதிச் சனம் திரும்பி வந்தது; எல்லோரும் அல்ல. இன்றைக்கு நாலாயிரத்துச் சொச்சம் பேர் அங்கே இருக்கிறார்கள்.

எல்ட்ஹெய்மார் என்ற காட்சியகம் 2014இல் திறக்கப்பட்டது. சாம்பலுக்குள் புதைந்து கிடந்த ஒரு வீட்டைத் தோண்டி எடுத்து, அந்த வீட்டைச் சுற்றியே கட்டடத்தைக் கட்டியிருக்கிறார்கள். உடைந்த கூரை, வளைந்த சுவர், விட்டுப்போன சாமான்கள் எல்லாம் அப்படியே. ஊரில் வீட்டை விட்டு வந்த மூத்தவர்களுக்கு இது எப்படியிருக்கும் என்று யோசித்துச் செய்யுங்கள். சிலர் அந்த வீட்டின் முன்னால் நின்று, பிள்ளைகளுக்கு இதுவரை சொல்லாத கதையைச் சொல்லத் தொடங்கலாம். சிலருக்கு நெஞ்சு தாங்காது. அப்படியானவரைத் துறைமுகப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருத்திவிட்டுப் போங்கள். முதலே கேட்டுவிடுவது நல்லது. சின்னப் பிள்ளைகளுக்குப் பஃபின் பறவைகள் இருக்கின்றன. மே முதல் ஆகஸ்ட் வரை காணலாம். கோடை முடிவில் ஊர் வெளிச்சத்தில் வழிதவறி வீதியில் விழும் குஞ்சுகளை அந்த ஊர்ப் பிள்ளைகள் இரவில் தேடிப் பொறுக்கி, காலையில் கடலில் விடுவார்கள்.

உடுப்பும் சாப்பாடும்: ஜூலையில்கூட வெப்பம் பத்துப் பன்னிரண்டு பாகைதான், காற்று பலம். குடை உடைந்துபோகும், மழையங்கி கொண்டுபோங்கள். சாப்பாட்டுக் கடை விலை வாயைப் பிளக்கவைக்கும். குசினியுள்ள தங்குமிடமாக எடுத்து, அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், இடியப்ப மா கொண்டுபோங்கள். இறைச்சியும் பால் சாமான்களும் கொண்டுபோகக் கூடாது. மற்றதைப் போனஸ் என்ற மலிவுக் கடையில் வாங்கலாம். குழாயில் வரும் சுடுநீரில் கூழ்முட்டை மணம் வரும். நிலத்துக்கடியிலிருந்து வருகிற கந்தகம் அது. சமையலுக்குக் குளிர்நீரை எடுங்கள், தண்ணீர் அருமையானது. அவர்களுடைய பேர்பெற்ற ஹொட்டோக்கில் ஆடு, மாடு, பன்றி மூன்றும் கலந்திருக்கும். மாடு தின்னாதவர்கள் கவனம். கருவாடு பிரியர்களுக்கு ஒரு நற்செய்தி: அந்த நாட்டவர் காற்றில் காயவைத்த மீனைப் பொரிக்காமல், வெண்ணெய் பூசி அப்படியே கடிக்கிறார்கள். அப்பம்மாவுக்கு ஐஸ்லாந்து உடனே பிடித்துப்போகும்.

கடைசியாக, பயணம் போக முடியாதவர்களுக்குச் சொல்கிறேன் என்றேன். மார்க்கத்திலிருந்து வடகிழக்கே, லின்ட்சேயைத் தாண்டிப் போனால் கின்மவுண்ட் என்ற சிற்றூர் வரும். ஏறத்தாழ இரண்டு மணித்தியால ஓட்டம். 1874 இலையுதிர் காலத்தில் ஐஸ்லாந்திலிருந்து புறப்பட்ட 350 பேர் அளவில் அங்கே கொண்டுவந்து விடப்பட்டார்கள். ரயில் பாதை போடும் வேலை தருகிறோம் என்று கூட்டிவந்து, நெருக்கமான மரக் கொட்டில்களில் இருத்தினார்கள். அந்தப் பனிக்காலத்தில் அவர்களுடைய குழந்தைகள் பலர் நோயில் இறந்தார்கள். பிறகு ரயில் வேலையும் நின்றுபோனது. 1875 இலையுதிர் காலத்தில் பெரும்பாலானவர்கள் மனிற்றோபாவின் வின்னிப்பெக் ஏரிக்கரைக்குப் போய் கிம்லி என்ற ஊரை அமைத்தார்கள். அதே 1875இல் ஐஸ்லாந்தில் அஸ்க்யா எரிமலை வெடித்துச் சாம்பல் மூடிய கிழக்குப் பகுதியிலிருந்து அடுத்த ஆண்டு இன்னும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். 1876இல் அம்மை வந்து நூறு பேரளவில் இறந்தார்கள். இன்றும் கிம்லியில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஐஸ்லாந்து விழா நடக்கிறது.

கின்மவுண்டில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஊருக்குள் ஆறு ஓடுகிறது, கரையில் பழைய ரயில் நிலையமும் இருக்கிறது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காலையில் வெளிக்கிட்டால் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். விசாவும் வேண்டாம், ரிக்கற்றும் வேண்டாம்.