நடைக்கு வேண்டிய துணை

உடற்பயிற்சியின் பயனை எடுத்துரைப்போர் நம்மிடையே பலர். ஆயினும் நீரிழிவு குறைந்தபாடில்லை. 2005–2006ஆம் ஆண்டுகளில், வடக்கும் கிழக்கும் நீங்கலான ஏழு மாகாணங்களில் நிகழ்ந்த ஆய்வொன்று, இருபது வயதை எட்டியோருள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேரிடம் இந்நோயைக் கண்டது. அறிவுரைக்குப் பஞ்சமில்லாத நாட்டிலே குறைவாயிருப்பது யாது?

உழைக்கும் தசை, இன்சுலினின் துணை குன்றியவிடத்தும், குருதியிலுள்ள குளுக்கோசை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆனால் ஒருநாள் நடையால் வரும் நன்மை இரண்டொரு நாளில் மறைந்துவிடும். ஆகவே ஆண்டுக்கொருமுறை கொடிகட்டி நடத்தும் நடைபவனி புகைப்படத்துக்கு உதவுமேயன்றி உடம்புக்கு உதவாது. வேண்டுவது தொடர்ச்சி. தனித்து நடப்பவர் மழையைக் கண்டும் நின்றுவிடுவர். வாசலில் அயலவர் காத்துநின்றால் அவ்வாறு நிற்பது எளிதன்று.

ஐக்கிய அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடத்திய பேராய்வின் முடிபு 2002இல் வெளிவந்தது. கிழமைக்கு 150 நிமிட உடலுழைப்பும் அளவான உணவும், நோய் தோன்றுவதை நூற்றுக்கு 58 பங்கு குறைத்தன. மெற்போமின் மருந்து குறைத்தது 31 பங்கே. அங்கே ஆளுக்கொரு பயிற்றுநர் இருந்தார், அச்செலவு நமக்கு இயலுமோ என்று சிலர் வினவலாம். இதற்கு விடை இந்தியானாபொலிஸ் நகரிலுண்டு. 2008இல் வெளியான சிற்றாய்வில், அதே பாடத்தை வை.எம்.சி.ஏ. நிலையத்தில் அந்நிலையத்தாரே குழுவாகக் கற்பித்தனர். சில மாதங்களில் அவர்தம் உடல் நிறை நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தது; சுருங்கிய அறிவுரை மட்டும் பெற்றோருக்கு இரண்டு பங்கே.

நமக்கு நிலையம் இல்லையா? ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் உள. அவற்றில் பத்திரிகை உண்டு. அருகே இளைஞர் பந்தடிக்கும் மைதானமும் உண்டு. ஐம்பது வயதுத் தாய்க்கு அங்கு இடமுண்டா? அடுப்படியும் பேரப்பிள்ளையுமாகப் பொழுதைக் கழிப்பவளிடம் “நடவுங்கள்” என்று வைத்தியர் கூறுகிறார். எங்கே, எப்போது, யாரோடு என்பதை எவரும் கூறுவதில்லை. வீதியில் தனியே நடந்தால் நாய்க்கும் அஞ்சவேண்டும், நாவுக்கும் அஞ்சவேண்டும்.

ஆதலின் நிலைய நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கிழமையில் ஐந்து மாலைகள், அரைமணி நேரம், மைதானத்தைப் பெண்களுக்கும் முதியோருக்கும் ஒதுக்குங்கள். பெயர்ப் பதிவேடொன்று வைத்து, வராதவரை வீடுசென்று விசாரியுங்கள். இதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ வேண்டா. அடுத்த பொதுக்கூட்டத்திலே ஒரு தீர்மானம் போதும்.