லப்டொப்புக்கு வன்னியும் கொழும்புதான்

கிளிநொச்சியில வீட்டு வைஃபையில் லப்டொப்பைத் திறந்தால் கொழும்பு வெயில் காட்டுது. வீதியால் 300 கிலோமீற்றருக்கு மேல! "செட்டிங்ஸைப் பாருங்கோ" எண்டு எங்களுக்கே புத்தி சொல்லுகினம்.

நாங்கள் கேட்கிறது வேற. அநேக லப்டொப்புகளில் ஜிபிஎஸ் இல்லை. பக்கத்து றவுட்டர்களின் அடையாள எண்களை அனுப்பித்தான் அது இடம் விசாரிக்கும். அந்தப் பட்டியலை நிரப்புவது தெருவால் போகும் ஜிபிஎஸ் போன்கள். உருத்திரபுரத்து ஒழுங்கையில் றவுட்டரும் குறைவு, போக்குவரத்தும் குறைவு. பதில் கிடைக்காவிட்டால் ஐபி முகவரியை வைத்து ஊகிக்கும். அது பெரும்பாலும் கொழும்பில் போய் நிற்கும். (கொழும்பில் பாவித்த றவுட்டரை இங்கே கொண்டுவந்தாலும் கொஞ்சக் காலம் பழைய விலாசத்தைத்தான் சொல்லும்.)

விண்டோஸில் இடத்தைக் கையால் குறித்துவைக்கலாம், உண்மை. ஆனால் பிரவுசரில் திறக்கிற தளமெல்லாம் அதைக் கேட்குமா?

2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. அப்படியொரு இரவில் கொழும்பு மழையைக் காட்டுகிற திரை ஆருக்கு?

தளம் செய்கிறவை ஊகிக்கிறதை விட்டிட்டு, மாவட்டத்தை எங்களிட்டயே கேட்கட்டும். இருக்கிறது 25 பெயர்தானே.