லட்சத்துக்கு ஒரு காற்புள்ளி

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. ஏழு கோடியே இருபத்தொரு லட்சம் என்று தடங்கலின்றிப் படித்துவிடுகிறோம். இதையே பைத்தான் நிரல்மொழியிடம் கொடுத்துக் காற்புள்ளியிட்டு அச்சிடச் சொன்னால் 72,147,030 என்று தருகிறது. எழுபத்திரண்டு மில்லியனாம்! ஆய்வுக்கூடத்தில் நான் நாள்தோறும் இதை மனத்திலேயே கோடியாக்குகிறேன். பக்கத்து மேசை வங்காளி நண்பரும் அப்படியே. மொழி வேறானாலும் இந்தத் தொல்லையில் நாங்கள் ஒரு குலம்.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே எழுதும்போது இந்தக் கட்டுப்பாடு இல்லை. 2016இல் வந்த 3.6ஆம் பதிப்பு முதல், அடிக்கோடு இட்டு 7_21_47_030 என்று தாராளமாக எழுதலாம். ‘௧௨’ என்று தமிழ் எண்ணைச் சரமாகக் கொடுத்து எண்ணாக மாற்றச் சொன்னால் பன்னிரண்டு என்று புரிந்துகொள்ளும் அறிவுகூட அதற்கு உண்டு. (நம்மில் எத்தனை பேருக்கு உண்டு என்று கேட்டு வம்பை விலைக்கு வாங்க நான் விரும்பவில்லை.) வரும்போது வரவேற்று, போகும்போது மும்மூன்றாக வெட்டி அனுப்புவது என்ன முறை?

‘வட்டார அமைப்பை மாற்றிக்கொண்டால் ஆயிற்றே’ என்பர் சிலர். ஆகும். ஆனால் அவ்வமைப்பு அந்தக் கணிப்பொறியில் இருந்தாக வேண்டும். மாற்றினால் நிரல் முழுவதையும் தொடும். ஒரு காற்புள்ளிக்காக வீட்டையே மாற்றிக் கட்டுவதா?

மூன்று என்பது மாற்றவொண்ணா விதியுமன்று. இரும எண்களையும் பதினறும எண்களையும் அடிக்கோடிட்டு அச்சிடும்போது இதே மொழி நான்கு நான்காகத்தான் பிரிக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் இந்திய வழக்கு என்று குறித்தால் போதும், லட்சமும் கோடியும் தாமே வரும். அச்சு வடிவக் குறியில் ஓர் எழுத்து கூடுதலாக வேண்டும். நான் கேட்பது அவ்வளவே.

எதிர்ப்பவர் வாதம் வலுவற்றதன்று. ஆளுக்கொரு வசதி கேட்டால் மொழி சந்தைக்கடையாகிவிடும். மதிப்பளிக்கும் குறி ஒன்றைப் பற்றி 2018இல் எழுந்த பூசலின் முடிவில், மொழியைப் படைத்த கைடோ வான் ராசம் தனித்தலைமையையே துறந்தார். குறியோ 2019இல் 3.8ஆம் பதிப்பில் வந்துவிட்டது. எனவே தக்க காரணத்தோடு கேட்க வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகள் எண்ணும் முறை தக்க காரணமே என்பது என் துணிபு.

முன்மொழிவை யாரும் எழுதலாம். மைய வளர்ப்பாளர் ஒருவர் துணைநிற்க வேண்டும். ஐவர் குழு முடிவு கூறும். தோழர்களே, வரைவைத் தொடங்கிவிட்டேன். ஆங்கிலத்தைச் செப்பனிட ஒருவரும், சோதனை நிரல் எழுத இருவரும் தேவை. இரவு ஒன்பதுக்கு மேல் விடுதியில் இருப்பேன்.