தானியமும் பக்குவமும்

ஒரு தானியம் கடல் கடந்து செல்வதற்கு ஒரு கப்பலும் ஒரு வியாபாரியும் போதும். அத்தானியத்தை உண்ணும் பக்குவம் கடல் கடப்பதற்கோ அவ்விரண்டும் போதா. அறிந்தவர் ஒருவர் அறியாதவருக்கு அதனை எடுத்துரைத்தலும் வேண்டும். இச்சிறு விஷயத்தை உலகம் மறந்ததனால் விளைந்த கேட்டினைச் சோளத்தின் கதை நமக்குச் சொல்கிறது.

நாம் இங்கே சோளம் என்றும், தமிழ்நாட்டார் மக்காச்சோளம் என்றும் வழங்கும் தானியத்தின் தாயகம் மெக்சிக்கோ. அந்நாட்டுத் தாய்மார் சோளத்தை வெறுமனே உலர்த்தி மாவாக்குவதில்லை. சுண்ணாம்பு கரைத்த நீரிலே அதனை மெல்ல வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிடுவர். காலையில் மணிகளின் தோல் வழுவழுவென்று கழன்றுவிடும். பன்முறை கழுவியபின், நமது அம்மியை ஒத்த கல்லில் அரைத்தெடுப்பர். அந்த ஈரமாவுக்கு 'மாசா' என்று பெயர். சுண்ணாம்பில் வெந்த சோளத்தை 'நிஷ்தமால்' என்பர். பழைய நாவாத்தல் மொழியில் சாம்பலையும் மாவையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்து பிறந்த பெயர் இது. சாம்பல் நீரிலும் சோளத்தைப் பக்குவம் செய்தனர் என்பதற்குப் பெயரே சான்று. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துவரும் வழக்கம் இதுவென அகழ்வாய்வாளர் கூறுவர்.

கொலம்பசின் பயணத்துக்குப் பின்னர் சோளம் ஐரோப்பாவுக்குச் சென்றது. சுண்ணாம்போ தாயகத்திலேயே தங்கிவிட்டது. தோலை நீக்குவதற்கு நல்ல ஆலைகள் இருக்கையில் சுண்ணாம்பு எதற்கு என்று எண்ணினர் போலும்! விளைவு என்ன? சோளத்தையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த ஏழைகளிடையே ஒரு கொடிய நோய் பரவியது. தோல் கருகி உரியும், வயிற்றோட்டம் காணும், மனம் பேதலிக்கும், முடிவில் மரணம். 1735ஆம் ஆண்டில் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் கஸ்பார் கசால் என்னும் வைத்தியர் இதனைக் கண்டு எழுதினார். 1771இல் இத்தாலிய வைத்தியர் பிரப்போலி இதற்குப் 'பெலாக்ரா' என்று பெயரிட்டார். சொரசொரத்த தோல் என்பது அதன் பொருள்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்நோய் பல்லாயிரவரைப் பலிகொண்டது. கிருமியே காரணம் என்று பலரும் நம்பிய வேளையில், 1914 முதல் இதனை ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பர்கர், குறை உணவிலேதான் இருக்கிறது என நிறுவினார். 1937இல் கொன்ராட் எல்விஹெம், நியாசின் என்னும் உயிர்ச்சத்தே இதற்கு மருந்து எனக் காட்டினார். சோளத்தில் நியாசின் இல்லாமல் இல்லை. அது நமது குடல் பிரித்தெடுக்க இயலாதபடி பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பு அப்பிணைப்பை அவிழ்க்கிறது. ஏட்டுக்கல்வி அறியாத தாய்மாரின் சட்டியிலே இருந்த விடையைத் தேடி விஞ்ஞானம் இருநூறு ஆண்டுகள் அலைந்தது!

இதனைப் படித்துவிட்டு நாம் பிறரை எள்ளுதல் வேண்டா. இத்தகைய செல்வம் நம்மிடமும் உண்டு. நெல்லை அவித்து உலர்த்திக் குற்றும்போது, தவிட்டிலுள்ள தயமின் என்னும் சத்து அரிசியின் உள்ளே ஊறிவிடுகிறது. நூறாண்டுகளுக்கு முன் மலாயாவிலே தீட்டிய பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் அந்நோய்க்கு ஆளாவது அரிதாக இருந்தது. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெச்சர் நோயாளரை இரு பிரிவாக்கி, இருவகை அரிசியும் கொடுத்துப் பார்த்து இவ்வேற்றுமையை உறுதி செய்தார். நமது பாட்டிமார் தயமின் என்ற பெயரைக் கேட்டதில்லை. ஆயினும் நெல்லை அவித்தார்கள், பிள்ளைகள் பிழைத்தார்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1949இல் மெக்சிக்கோவின் செரால்வோ என்னும் ஊரிலே, மாசாவை உலர்த்திப் பொடியாக்கும் ஆலை ஒன்று தோன்றியது. பின்னர் அது உலகப் பெருநிறுவனமாக வளர்ந்தது. நீர் விட்டுப் பிசைந்தால் போதும் என்னும் வசதி வந்தபின், ஊறிய சோளத்தைப் பாத்திரத்தில் ஏந்திச் சிற்றாலைக்குச் செல்லும் பெண்களின் வரிசை குறையலாயிற்று. ஊறிய அரிசியோடு மாவாலை வாசலில் காத்துநின்ற நம்மவர்க்கு இக்காட்சி புதிதன்று.

இந்நிலையில் 2014ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஹோர்ஹே கவிரியா என்பவர் 'மாசியெண்டா' என்னும் சிறு வாணிபத்தைத் தொடங்கினார். மெக்சிக்கோவின் சிறு விவசாயிகள் பேணிவரும் பாரம்பரியச் சோள இனங்களை வாங்கி விற்பது அவர் தொழில். மாவோடு, ரொட்டி அழுத்தும் பொறி, சுடும் கல், அரைக்கும் சிற்றாலை ஆகியனவும் அங்கே கிடைக்கும். நாம் வியப்பது இச்சரக்குகளை அன்று. சோளத்துக்குச் சுண்ணாம்பு எவ்வளவு, ஊறும் நேரம் எவ்வளவு, அதனைக்கொண்டு என்ன பலகாரம் செய்யலாம் என்பவற்றையும் அவர்கள் வாங்குவோர்க்கு எழுதிச் சொல்கிறார்கள். 2022இல் அவர் மாசாவைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். பண்டத்தோடு பக்குவமும் போகிறது. கப்பல் விட்டுச்சென்ற சுமையைக் கடைக்காரர் எடுத்துச் செல்கிறார்.

அம்மாவில் செய்யும் 'அத்தோலே' என்னும் இனிப்புக் கூழை நம் இல்லத்தரசிகளும் செய்து பார்க்கலாம். அரைக் கோப்பை மாவை ஒரு கோப்பைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைக்கவும். இரண்டு கோப்பை நீரில் ஒரு துண்டு கறுவாவும் வேண்டிய அளவு பனங்கட்டியும் இட்டுக் கொதிக்கவைத்து வடித்து, அதில் மாக்கரைசலைச் சேர்த்து, சிறு தீயில் பத்து நிமிடம் விடாது துழாவவும். தடித்து வரும்போது ஒரு கோப்பைத் தேங்காய்ப்பால் விட்டு இறக்கவும். மெக்சிக்கர் பசும்பாலும் தம் நாட்டுக் கரும்புச் சர்க்கரைக் கட்டியும் சேர்ப்பர். தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் நம் மாற்றம். மாசா மா கிடைக்காதவர் சாதாரணச் சோளமாவில் செய்யலாம். சுவை சற்று வேறுபடும். கடையில் கிடைக்கும் வெண்ணிறக் கோன்பிளவர் வெறும் மாச்சத்தே, இதற்கு ஆகாது. கறுவா மட்டும் இருவர்க்கும் ஒன்றே. இலங்கைக் கறுவாவை மிகுதியாக வாங்கும் நாடுகளில் முன்னிற்பது மெக்சிக்கோ. நமது தென்கரைப் பட்டை அவர்கள் கூழிலே மணக்கிறது!

சோள இனிப்பு நமக்கும் அந்நியமன்று. 1973இல் தொடங்கிய திரிபோஷத் திட்டம், சோளமும் சோயாவும் கலந்த மாவைத் தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் வழங்கிவருகிறது. அதனைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டையாக்கி உண்ணாத பிள்ளைகள் இந்நாட்டில் எத்தனை பேர்?

நாம் சொல்ல வந்தது இதுவே. வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் ஒடியல் மா, குரக்கன் மா, வறுத்த அரிசி மா ஆகியன சிறு பொதிகளாகத் தொங்குகின்றன. பல குடும்பங்களின் உழைப்பு அவற்றில் அடங்கியிருக்கிறது. பொதியின் மேல் எடை உண்டு; விலை உண்டு; திகதி உண்டு. பக்குவம் உண்டா? ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்துக் கைப்பை நீக்கிய பின்னரே கூழுக்கு இடவேண்டும். யாழ்ப்பாணத்துப் பாட்டிக்கு இது பாலபாடம். கொழும்பிலே மாடிவீட்டில் பிறந்த பெண்ணுக்கு இதனை யார் சொன்னார்? கூழ் கைத்தால் அவள் மாவைப் பழிப்பாள், மறுமுறை வாங்கமாட்டாள். வியாபாரமும் போயிற்று; கூழும் போயிற்று.

ஆதலின், மா விற்கும் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம்: பொதிக்குள்ளே ஒரு துண்டுக் கடதாசி வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் நான்கு வரி போதும். மாணவர்களுக்கும் ஒன்று: வீட்டிலுள்ள முதியோரிடம் ஒரு பண்டத்தின் பக்குவத்தைக் கேட்டு எழுதுங்கள். எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதோடு, ஏன் என்றும் கேளுங்கள். பாட்டிக்குக் காரணம் தெரியாவிட்டால் நீங்கள் தேடுங்கள். தேடி முடியும்வரை அவர் செய்வதை விட்டுவிடாதீர்கள். காரணம் விளங்கவில்லை என்று சுண்ணாம்பைக் கைவிட்டவர்கள் கொடுத்த விலையை மேலே கண்டோம்.